நான்கு மூலைகள் சந்திக்கும் இடம்

“ஆர் செத்தது?”

வாசலில் ரொலேட்டர் என்கிற சில்லு வைத்த நடைவண்டியைப் பிடித்தபடி நின்ற விகோ கேட்ட முதல் கேள்வி அதுதான். வணக்கமும் இல்லை, சுகம் விசாரிப்பும் இல்லை. அவருக்குப் பின்னால் மகள் பிர்கிட், கையில் மருந்துப் பையோடு. ஆஸ்பத்திரியிலிருந்து அப்போதுதான் தகப்பனைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

உள்ளே, அறையின் நடுவில், சொக்ஸ் காலோடு நானும் என் கணவர் அந்தோனியும். இரண்டு பேர் முகத்திலும் பெருமை. அந்த அறையின் ஆறு பாய்களையும் வெயிலில் காய வைத்து, தட்டித் துடைத்து, நூல் பிடித்தது போல வரிசையாகப் போட்டு அப்போதுதான் முடித்திருந்தோம். மனுசன் பார்த்துச் சந்தோசப்படுவார் என்று காத்துக்கொண்டு நின்றோம்.

“ஒருத்தரும் சாகேல்லையே,” என்றேன்.

“அப்ப ஏன் என்ர அறையைச் செத்தவீடாக்கி வைச்சிருக்கிறீர்?”

அந்தோனி என்னைப் பார்த்தார். நான் பாயைப் பார்த்தேன். பாயில் ஒரு பிழையும் எனக்குத் தெரியவில்லை.

விகோ பேசியது டெனிஷ்தான். இந்தக் காலத்து டெனிஷில் மந்திரிக்கும் பால்காரனுக்கும் ஒரே சொல். மரியாதைக்கு வேறு, உரிமைக்கு வேறு என்று கிடையாது. ஆனால் என் நினைவில் அவர் எப்போதும் என்னை ‘நீர்’ என்றுதான் கூப்பிடுகிறார், நானும் ‘நீங்கள்’ என்றுதான் மறுமொழி சொல்கிறேன். காதில் நிற்பதை அப்படியே எழுதுகிறேன்.

மேட்டு வீடு

போன வாரம் வைலேயின் மேடுகளில் நான் சைக்கிள் பழகிய கதையை வாசித்துவிட்டு, “டென்மார்க் தட்டையான நாடு எண்டல்லோ படிச்சனாங்கள்” என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். படிப்பித்தவர் வைலேக்கு வரவில்லை போலும். இங்கே வந்து, மழைக்கோட்டோடும் கையுறைப் பெட்டியோடும் ஒரு முறை மிதித்துப் பார்க்கட்டும்.

கொமூன் என்கிற நகரசபையின் வீட்டுப் பராமரிப்பில் எனக்கு வேலை. முதியவர்களின் வீடுகளுக்குப் போய்க் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, மருந்து கொடுத்து, அடுத்த வீட்டுக்கு ஓடவேண்டும். அந்த ஓட்டத்தில் மிகப் பெரிய மேட்டின் உச்சியில் இருந்தது விகோவின் வீடு. அதற்கு மேலே காடு. கீழே ஃபியோர்ட் என்கிற ஒடுங்கிய கடலும், அதன் குறுக்கே பெரிய பாலமும்.

முதல் நாள் அந்த வீட்டை நான் வீடாகவே மதிக்கவில்லை. சுற்றிவர எல்லாம் சிவப்புச் செங்கல் வீடுகள். நடுவில் கறுப்பு மரத்தில், தாழ்வாக, கூரை மட்டும் அகலமாக வெளியே நீட்டிக்கொண்டு ஒன்று நின்றது. கார் விடுகிற கொட்டகை என்று நினைத்து, வீட்டைத் தேடி இரண்டு சுற்றுச் சுற்றினேன். பிறகு அந்தக் கொட்டகையின் ஒரு பக்கம் சறுக்கித் திறந்தது.

“தேடினது காணும். இதுதான் வீடு,” என்றார் விகோ.

அவர் ஓய்வுபெற்ற கட்டடக் கலைஞர். இளம் வயதில் ஜப்பானில் சில வருடங்கள் இருந்தவர். அந்தக் காலத்தில் டெனிஷ் கட்டடக் கலைஞர்கள் பலருக்கு ஜப்பான் என்றால் பித்து. மரத்தை மரமாகவே விடுவது, தூணையும் வளையையும் ஒளிக்காமல் காட்டுவது, தேவையில்லாத ஒன்றையும் வைக்காமல் இருப்பது – இதெல்லாம் இவர்களுக்கும் பிடித்த காரியங்கள். பார்த்துவிட்டு வந்து சிலர் கதிரை செய்தார்கள், சிலர் புத்தகம் எழுதினார்கள். விகோ தன் மனைவி எல்சவோடு சேர்ந்து ஒரு வீட்டையே கட்டிவிட்டார். நான் போன காலத்தில் எல்ச உயிரோடு இல்லை. அவருடைய தோட்டக் காலணி மட்டும் வாசலில் இருந்தது.

வாசலில் ஒரு பள்ளம். சப்பாத்தை அங்கே கழற்றிவிட்டு ஒரு படி ஏறினால்தான் வீட்டின் தரை. எங்கள் வேலையிலோ சப்பாத்துக்கு மேல் நீலப் பிளாஸ்டிக் உறை போட்டுக்கொண்டு உள்ளே போவது வழக்கம். மற்றப் பெண்கள் அப்படித்தான் போனார்களாம். விகோ ஒவ்வொரு முறையும் உறுமுவாராம். நான் கதவடியில் நின்றதும் என் கால் தன்பாட்டில் சப்பாத்தைக் கழற்றிவிட்டது. அதற்குப் பிறகுதான் நீல உறையின் நினைவு வந்தது.

விகோ என் கால்களைப் பார்த்தார். “நீர் நாளைக்கும் வாறீரோ?” என்று கேட்டார்.

இந்த இடத்தில் ‘எங்கள் ஊர் வீட்டை நினைத்தீர்களா?’ என்று கேட்டு எழுதாதீர்கள். நினைக்கவில்லை. எங்கள் ஊர் வீடு சீமெந்துத் தரை, தகரக் கூரை. பக்கத்து வீட்டு ரேடியோவும் எங்கள் வீட்டுக்குள்தான் பாடும். விகோவின் வீட்டைப் போல ஒரு வீட்டை நான் அதற்கு முன் கனவிலும் கண்டதில்லை.

இடது காலுக்குக் கோயில்

விகோவின் கால்கள் வீங்கும். காலையில் இறுக்கமான காலுறை போட்டுவிடவேண்டும். போட்டவர்களுக்குத் தெரியும், அது ஒரு மல்யுத்தம். அந்த நேரத்தில் விகோ கதை சொல்லுவார். அவர் சொல்லுகிற வேகத்துக்கு இடது காலுக்கு ஒரு காலம், வலது காலுக்கு ஒரு காலம் என்று ஓடும்.

ஜப்பானின் மிகப் பழைய கோயில்கள் நெற்களஞ்சியம் போன்றவை என்றார். தூண்களை மண்ணில் நட்டு, தரையை உயர்த்தி, மேலே புல் வேய்ந்தவை. அப்படி ஒன்றை இருபது வருடத்துக்கு ஒரு முறை பிரித்து, பக்கத்துக் காணியில் அதே மாதிரிப் புதிதாகக் கட்டுகிறார்களாம். நூற்றாண்டு நூற்றாண்டாக அப்படி நடக்கிறதாம்.

“அப்ப அது பழசோ, புதுசோ?” என்று கேட்டேன்.

“அதைத்தான் நானும் இவ்வளவு காலமா யோசிக்கிறன். மற்றக் காலைத் தாறன்.”

மற்றக் காலுக்குப் புத்த கோயில்கள் வந்தன. சீனத்திலிருந்து கொரியா வழியாக வந்த பாணி. சிவப்புப் பூசிய தூண்கள், ஓடு வேய்ந்த பாரமான கூரை, அந்தப் பாரத்தைத் தாங்கக் கூரைக்கடியில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய மரக்கைகள். இன்னொரு நாள் பிரபுக்களின் மாளிகைகள் வந்தன. குளத்தைப் பார்த்தபடி தனித்தனி மண்டபங்கள், அவற்றை இணைக்கிற நடைகள், சுவர் என்று பெரிதாக ஒன்றும் இல்லை, தரை முழுக்க வெறும் பலகை. இருக்கிற ஆளுக்கு மட்டும் கீழே ஒரு பாய் போடுவார்களாம். அன்றைக்குக் காலுறை குதிக்காலில் மாட்டிக்கொண்டதால் அந்தக் கதை என் காதில் விழுந்தது, மனதில் விழவில்லை. அதன் பெறுமதி பிறகுதான் தெரிந்தது.

அதற்குப் பிறகு போர்வீரர்கள் வந்தார்கள். அவர்கள் காலத்தில்தான் சுவருக்குச் சுவர் பாய் போட்டுத் தரையை மூடுகிற வழக்கம் வந்ததாம். அறையின் அளவையே பாய்க்கணக்கில் சொல்வார்கள்; விகோவின் அறை ஆறு பாய் அறை. அந்தப் பாய்க்குப் பெயர் தத்தாமி. எங்கள் பாய் போலச் சுருட்ட முடியாது. உள்ளே வைக்கோல் திணித்து, மேலே கோரை நெய்து, ஓரத்தில் துணி வைத்துத் தைத்தது.

எனக்குப் பிடித்தது தேநீர்க் குடில்தான். மண் சுவர், கோணல் தூண், மிகச் சிறிய வாசல். எவ்வளவு பெரிய பிரபு என்றாலும் வாளை வெளியே வைத்துவிட்டு, குனிந்து தவழ்ந்துதான் உள்ளே போகவேண்டும். எங்கள் கொமூன் மேலாளர்களின் அறைக்கும் அப்படி ஒரு வாசல் வைத்தால் நல்லது என்று விகோவிடம் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் போட்ட காலுறை கழன்றது.

அந்தக் குடிலின் எளிமையையும் போர்வீரர் அறையின் ஒழுங்கையும் கலந்து பிறகு வந்த பாணியில்தான் விகோவும் எல்சவும் தங்கள் வீட்டைக் கட்டியிருந்தார்கள். அறையின் ஒரு பக்கம் சுவரில் ஒரு மாடம் இருந்தது. வெறுமையாக இருந்தது. நான் மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கப் பெண். மாடத்தைக் கண்டால் மாதா சிலையைத் தேடுவேன்.

“இதில இருந்த சுருவம் எங்கை?” என்று கேட்டேன்.

“ஒண்டும் இருக்கேல்லை. ஒரு கொப்புப் போதும். தோட்டத்தில முறிச்சுக்கொண்டு வாரும்.”

அன்றிலிருந்து கிழமைக்கு ஒரு கொப்பு முறித்து வைப்பது என் வேலையாயிற்று. கொமூன் எனக்குக் கொடுத்த நிமிடங்களில் கொப்புக்கு இடமில்லை. எங்கேயோ பிடுங்கிக்கொண்டேன்.

கட்டில்

விகோ தரையில் படுப்பவர். காலையில் மெத்தையை மடித்து அலுமாரியில் வைத்துவிடுவார். அறை மறுபடி வெறும் அறையாகிவிடும். நடை தளர்ந்த பிறகும் அதை விடவில்லை. ஒரு நாள் காலை நான் போனபோது விழுந்து கிடந்தார். எலும்பு முறியவில்லை. ஆனால் தரையிலிருந்து அவரால் எழ முடியவில்லை. என்னாலும் தூக்க முடியவில்லை. அம்புலன்ஸ்காரர் வந்துதான் தூக்கினார்கள்.

அதோடு விசிட்டேட்டர் வந்தார். யாருக்கு என்ன உதவி, எவ்வளவு நேரம் என்று கொமூன் சார்பில் தீர்மானிக்கிறவர் அவர். நல்ல பெண்மணி, சொன்னதும் நியாயம்தான். தரையில் குனிந்து பராமரித்தால் எங்கள் முதுகு போய்விடும். ஆகவே ஏறி இறங்குகிற மின்சாரக் கட்டில் கட்டாயம் வேண்டும் என்றார்.

“அந்த இரும்பு என்ர பாயில ஏறாது,” என்றார் விகோ.

ஏற்றிப் பார்த்தோம். கொமூனின் உபகரண டெப்போவிலிருந்து இரண்டு பேர் கட்டிலைக் கொண்டுவந்தார்கள். முன்சில்லு ஒன்று பாயில் ஏறியதும் கோரை கசங்கிக் கிழிந்த சத்தத்தில் எனக்கே பல் கூசியது. விகோ போட்ட கூச்சலில் அவர்கள் கட்டிலோடு திரும்பிப் போய்விட்டார்கள். வேறு அறையும் இல்லை. ஒன்று சமையலறை, மற்றது படம் வரைகிற பலகைகளும் அலுமாரிகளும் நிறைந்த ஒடுங்கிய இடம். அதில் கட்டில் போட்டால் நாங்கள் நிற்க முடியாது.

பிர்கிட் வடக்கே ஓல்போர்க் நகரில் ஆசிரியை. வார விடுமுறை தவறாமல் காரில் வருவாள். தன் வீட்டுக்குக் கிட்ட நல்ல முதியோர் இல்லம் ஒன்றில் இடம் இருக்கிறது என்றாள். விகோ தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெந்தெகொஸ்தேக்குப் பிறகு விசிட்டேட்டர் மறுபடி வருவார். கட்டில் இல்லையென்றால் வீட்டில் உதவி இல்லை. உதவி இல்லையென்றால் ஓல்போர்க்தான்.

எனக்கு விகோவில் கோபம் வந்தது. ஒரு பாய்க்காக யாராவது வீட்டை விடுவார்களா? பிறகு அதே அளவு பயமும் வந்தது. இந்த மனுசனை நாலு வெள்ளைச் சுவருக்குள் கொண்டுபோய் வைத்தால் ஒரு மாதம் தாங்கமாட்டார். வயதானவர்களோடு வேலை செய்தால் இது தெரிந்துவிடும்.

வெயில் வந்த நாள்

மே மாதம் ஒரு நாள் நல்ல வெயில் எறித்தது. டென்மார்க்கில் வெயில் வந்தால் ஒருத்தருக்கும் நிதானம் இருக்காது, எனக்கும்தான். பிர்கிட் தகப்பனைப் பரிசோதனைக்குக் கூட்டிப் போயிருந்தாள். என்னுடைய அன்றைய வேலை துப்புரவு. அதற்குப் பிறகு எனக்கு விடுமுறை.

அறையில் புளித்த மணம். அந்தக் கிழமை விகோ பாற்கஞ்சியைத் தட்டி ஊற்றியிருந்தார். துடைத்தும் மணம் போகவில்லை. வெளியே இப்படி வெயில். பாய்தானே, தூக்கி வெயிலில் போட்டால் என்ன என்று தோன்றியது. பாயைக் கண்டால் காயப்போடச் சொல்லுகிற மூளை அது. டெனிஷ்காரர் யாருக்கும் அந்த யோசனை வந்திருக்காது. அவர்களுக்கு அது தரை, தரையை யார் தூக்குவார்கள்?

விரலால் நெம்பினேன், அசையவில்லை. வெண்ணெய்க் கத்தியால் நெம்பினேன், கத்தி வளைந்தது. கத்தியை நிமிர்த்தி வைத்துவிட்டு அந்தோனிக்குப் போன் அடித்தேன். அவருக்கு அன்று பின்னேர வேலை.

“இஞ்சேருங்கோ, ஒருக்கா மேட்டுக்கு வாங்கோ. ஒரு பாய் தூக்கோணும்.”

“பாயோ? பாய் தூக்க ஒரு ஆம்பிளை வேணுமோ?”

“வந்து பாருங்கோ.”

“அது உன்ர வேலை இடமெல்லே. நான் வந்தது தெரிஞ்சால் உன்னைத்தான் முதல் தூக்குவாங்கள்.”

பேசிக்கொண்டே வந்து சேர்ந்தார். கையில் சைக்கிள் டயர் கழற்றுகிற இரும்பு. ஓரத்தில் விட்டு நெம்ப, பாய் எழும்பியது.

“என்னப்பா இது? கதவு மாதிரிக் கிடக்கு! இதை ஆர் சுருட்டுறது?”

ஒவ்வொன்றாகத் தூக்கித் தோட்டத்துப் பலகைத் தளத்தில் ஒன்றோடொன்று சாய்த்து வைத்தோம். தும்புத்தடிக் கம்பால் அந்தோனி அடித்தார். கிளம்பிய தூசியில் அடுத்த வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, “கோடைச் சுத்தமா?” என்று கேட்டார். “ஓமோம்” என்று தமிழிலேயே சொல்லிவிட்டார் அந்தோனி.

பாய்கள் காய்ந்ததும் திருப்பிப் போடும் நேரம் வந்தது. இந்த இடத்தில் என் கணவரைப் பற்றி ஒரு வார்த்தை. ரண்டர்ஸ் நகரில் நடக்கிற தமிழ் நிகழ்ச்சி எதற்கும் மண்டபத்தில் கதிரை அடுக்குவது அவர்தான். நூல் கட்டி அடுக்குவார். ஒரு கதிரை முன்னே வந்திருந்தால் விழா தொடங்க விடமாட்டார்.

“இதை முதல் ஆர் போட்டது? ஒண்டு குறுக்காலை, ஒண்டு நெடுக்காலை. ஒரு ஒழுங்கில்லை.”

“விகோவும் மனுசியும்தான்.”

“பாவம். கட்டடம் கட்டத் தெரிஞ்ச ஆளுக்குப் பாய் போடத் தெரியேல்லை.”

நானும் ஓமென்றேன். எனக்கும் அந்தக் குறுக்கும் நெடுக்கும் நெடுநாளாகக் கண்ணைக் குத்திக்கொண்டிருந்தது. மூன்று வரிசை, வரிசைக்கு இரண்டு, எல்லாம் ஒரே திசையில் என்று போட்டோம். ஒரு பாய் மட்டும் உள்ளே இறங்க மறுத்தது. அந்தோனி அதன் மேல் ஏறி இருந்து இறக்கினார். எழுந்து பார்த்தால் அறை பள்ளிக்கூடக் கொப்பி போல ஒழுங்காக இருந்தது.

அப்போதுதான் வாசல் கதவு சறுக்கித் திறந்தது.

வாசலில் நின்றவர்

“நாலு மூலையும் ஒரு இடத்தில சந்திக்குது, பாரும்,” என்றார் விகோ. இரண்டு கையும் ரொலேட்டரில் இருந்ததால் தாடையால் காட்டினார்.

பார்த்தேன். ஓம். நான்கு பாய்களின் நான்கு மூலைகள் சிலுவை போல ஒரு புள்ளியில் முட்டி நின்றன. அப்படி இரண்டு இடங்கள்.

ஜப்பானில், வீட்டில் எல்லாரும் நல்லபடியாக இருக்கிற காலத்தில் அப்படிப் போடமாட்டார்களாம். ஒரு பாயின் மூலை இன்னொரு பாயின் பக்கத்தில் போய் முட்டுவது போல மாற்றி மாற்றிப் போடுவார்கள். முன்பெல்லாம் வீட்டில் ஒருவர் இறந்தால் பாய்களை எடுத்து, இப்படி நேர் வரிசையாக, மூலைகள் முட்டப் போடுவார்களாம். துக்கம் முடிந்ததும் பழையபடி மாற்றுவார்களாம்.

உடனே சிலுவை போட்டுக்கொண்டேன். ஜப்பான்காரரின் சாத்திரம் கத்தோலிக்கப் பெண்ணுக்கு ஏன் என்று கேட்பீர்கள். வாழையிலையின் நுனியை எந்தப் பக்கம் வைப்பது என்பதற்கே கலியாண வீட்டில் சண்டை பார்த்தவள் நான். நல்லதுக்கு ஒரு மாதிரி, கெட்டதுக்கு ஒரு மாதிரி என்பது எந்த ஊர் மனுசருக்கும் விளங்கும். நோயாளி உயிரோடு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க, அவருடைய அறையைச் செத்தவீடாக்கி வைத்துவிட்டேனே என்று அழுகை வந்தது.

“அப்பா, பாய்தானே,” என்றாள் பிர்கிட்.

அந்தோனி இரும்பை எடுத்துக் குனிந்துவிட்டார். விகோ ஒரு கதிரையில் இருந்துகொண்டு எது எங்கே என்று சொன்னார். எல்லாவற்றையும் கிளப்பவேண்டும், முதலில் சுவரோரத்து இரண்டையும் எடுங்கள் என்றார். அந்த இரண்டும் வெளியே போயின. கீழே பலகை தெரிந்தது. வெளிறிய, அகலமான பலகைகள்.

“நில்லுங்கோ,” என்றார் விகோ.

அந்தோனி நின்றார். விகோ பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். வெகு நேரம் பார்த்தார். மனுசனுக்கு ஏதோ செய்துவிட்டதோ என்று பயந்து நான் அவருடைய கையைப் பிடித்தேன்.

“இது நானும் எல்சவும் அடிச்ச பலகை,” என்றார். “பாய் கப்பலில வரவேணும். வரேல்லை. ஒரு குளிர்காலம் முழுக்க இந்தப் பலகையிலதான் இருந்தனாங்கள். ரெண்டு பேரும் இருக்கிற இடத்துக்கு மட்டும் ஒரு துண்டுப் பாய். எல்ச சொல்லுவா, நாங்கள் மாளிகையில இருக்கிறம் எண்டு.”

பிரபுக்களின் மாளிகை. வெறும் பலகை, ஆளுக்கு மட்டும் பாய். குதிக்காலில் மாட்டிய கதை எனக்கு அப்போதுதான் மனதில் விழுந்தது.

விகோ மெல்லச் சிரித்தார். “ஜெசி, சுவருக்குச் சுவர் பாய் பிறகு வந்த பழக்கமெல்லே. அதுக்கு முதல் கனகாலம் பலகைதான். எல்லாருக்கும் வகுப்பு எடுத்துப்போட்டு, நானே மறந்துபோனன்.” பிறகு மகளைப் பார்த்தார். “அந்தக் கொமூன் மனுசியைக் கூப்பிடு. கட்டிலைக் கொண்டுவரச் சொல்லு. இதில, பலகையில நிக்கட்டும். மற்ற நாலு பாயும் மூலை முட்டாமல் மாறிக் கிடக்கட்டும்.”

பிர்கிட் மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் படியிலேயே இருந்துவிட்டாள். இருந்து அழுதாள். ஓல்போர்க் என்று இவ்வளவு நாளும் உறுதியாகக் கதைத்த பெண், வேறு வழி தெரியாமல்தான் கதைத்திருக்கிறாள் என்று எனக்கு அப்போது விளங்கியது. நான் பக்கத்தில் போய் இருந்தேன். அந்தோனி எல்லாருக்கும் தேத்தண்ணி போடச் சமையலறையைத் தேடிப் போனார்.

இரண்டு குளிர்காலம்

பெந்தெகொஸ்தேக்குப் பிறகு விசிட்டேட்டர் வந்து, கட்டிலைச் சுற்றி நடந்து, குனிந்து நிமிர்ந்து பார்த்துச் சரி என்றார். விகோ வீட்டிலேயே இருந்தார். இரண்டு குளிர்காலம் இருந்தார்.

அந்த வீடு தரையில் இருப்பவரின் கண்ணுக்குக் கட்டிய வீடு. யன்னல்கள் தாழ்வு, தோட்டமும் தாழ்விலிருந்து பார்த்தால்தான் முழுதாகத் தெரியும். அதனால் விகோ கட்டிலை எப்போதும் அடிமட்டத்துக்கு இறக்கியே வைத்திருப்பார். நாங்கள் வரும்போது மட்டும் அது ஏறும். “உங்கட முதுகுக்கு எழும்புறன், என்ர கண்ணுக்கு இறங்குறன்” என்பார்.

எத்தனையோ வீடுகளுக்குப் போயிருக்கிறேன். அந்த வீட்டின் காலைதான் இன்னும் எனக்குள் நிற்கிறது. வெளியே பனி கிடக்க, மரச்சட்டத்தில் கடதாசி ஒட்டிய கதவு வழியாக வருகிற வெளிச்சம் பால் போல அறையில் பரவும். மழை நாளில் பாயிலிருந்து கோரை மணம் எழும்பும். நான் காலுறையோடு மல்லுக்கட்டுவேன். விகோ ஏதோ ஒரு நூற்றாண்டில் நிற்பார்.

அந்தோனியும் அந்த வீட்டுக்கு உறவாகிவிட்டார். நத்தாருக்கு முன் கதவுக் கடதாசி மாற்றுவது அவர் பொறுப்பு. பசைக்குச் சோற்றுக் கஞ்சி வேண்டும் என்று விகோ விளக்கத் தொடங்க, “அது எனக்குத் தெரியும், பட்டத்துக்கு ஒட்டினனாங்கள்” என்று இவர் சட்டியை அடுப்பில் வைத்தார். இரண்டு பேரும் ஒரு பொது மொழியும் சரியாக இல்லாமல் மணிக்கணக்காகக் கதைத்தார்கள். பாயின் ஒழுங்கைப் பற்றி மட்டும் அந்தோனி கடைசி வரைக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. “இருந்தாலும் நேரா இருந்தால்தான் வடிவு” என்பார். விகோ அவருக்கு விரலை ஆட்டிக் காட்டுவார்.

மேப்பிள் துளிர்க்கிற காலத்தில், ஒரு முற்பகலில் விகோ இறந்தார். பிர்கிட் ஒரு கையையும் நான் மற்றக் கையையும் பிடித்திருந்தோம். கட்டில் அடிமட்டத்தில் இருந்தது. இறந்ததும் யன்னலைத் திறந்துவிடுவது இங்கே வழக்கம். நான் எழுந்து கடதாசிக் கதவுகளை ஒவ்வொன்றாகத் தள்ளி, தோட்டத்துப் பக்கம் முழுவதையும் திறந்துவிட்டேன்.

அடக்கத்துக்கு முதல் நாள் டெப்போக்காரர் கட்டிலைக் கொண்டுபோனார்கள். சுவரோரத்தில் வெறும் பலகை. தோட்டத்துக் கொட்டகையில் போர்த்தி வைத்திருந்த இரண்டு பாய்களையும் அந்தோனி தூக்கிக்கொண்டு வந்தார். பழையபடி போடுவோம் என்று நான் குனிந்தேன்.

“இல்லை, ஜெசி,” என்றாள் பிர்கிட். “அண்டைக்கு நீங்கள் போட்ட மாதிரி.”

மற்ற நாலு பாய்களையும் கிளப்பினோம். மூன்று வரிசை, வரிசைக்கு இரண்டு. அன்றைக்கு இறங்க மறுத்த அதே பாய் மறுபடி மறுத்தது. அந்தோனி அதன் மேல் இருந்தார். இருந்தவர் உடனே எழும்பவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு பிறகுதான் எழும்பினார். பிர்கிட் தோட்டத்தில் ஒரு கொப்பு முறித்து மாடத்தில் வைத்தாள்.

நான்கு மூலைகள் ஒரு புள்ளியில் முட்டி நின்றன. இரண்டு இடத்திலும்.

“இந்த முறை சரியாப் போட்டிருக்கிறம், என்ன?” என்று கேட்டார் அந்தோனி.

“ஓம், சரி,” என்றேன்.

சொல்லிவிட்டு வாசலைப் பார்த்தேன். கதவு திறந்துதான் இருந்தது. ஆர் செத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.